மாமா மடி இருக்கிற ஊர்

என் சின்ன மகன் இனியனுக்கு நான்கு வயது. பாதி முதுகு வரை சடை. பிறந்ததிலிருந்து அந்தத் தலையில் கத்திரி பட்டதில்லை. காரணம் பக்தி என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் காரணம் என் அண்ணன்.

எங்கள் பக்கம் பிள்ளைக்கு முதல் முடியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். இந்தத் தாய்மாமனோ மலேசியாவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எஞ்சினியர். ஒரு முறை டிக்கெட் எடுத்த பிறகு ஆலையில் கொதிகலன் படுத்துக்கொண்டது. அடுத்த முறை அவனே டெங்குவில் படுத்துக்கொண்டான். மூன்றாம் முறை லீவே கிடைக்கவில்லை. இதற்குள் பிள்ளையின் முடி குடுமியாகி, கொண்டையாகி, கடைசியில் ரிப்பன் கட்டுகிற அளவுக்குச் சடையாகிவிட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம். சடையோடு பையனைச் சேர்க்க முடியாது என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "வேற யாராவது மாமா முறையில உட்கார வெச்சு எடுத்துடலாமே, கவினுக்கு அப்படித்தானே பண்ணினோம்" என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். கவின் என் பெரிய மகன், ஏழு வயது. அவனுக்கு மொட்டை போட்டபோது அண்ணன் மலேசியா போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் என் பெரியப்பா மகன் சிவாவைப் பிடித்து உட்கார வைத்து வேலையை முடித்தோம். இந்த முறை அதையே போனில் அண்ணனிடம் சொன்னேன். "பெரியவனுக்குத்தான் முடியல செல்வி. சின்னவனாவது என் மடியில உட்காரட்டும்டி" என்றான். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மாமா வராவிட்டால் என்ன, மடி இருக்கிற ஊருக்கு நாமே போவோம் என்று கிளம்பினேன். லால்குடியில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பள்ளி திறக்கிற சமயத்தில்தான் நான்கு காசு பார்க்க முடியும் என்பதால் கணவர் கடையோடு தங்கிவிட்டார். இரண்டு பையன்களும் நானும் மட்டும்.

இரண்டு பையன்களை வளர்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும். ஒருவனிடம் எது இருக்கிறதோ அது மற்றவனுக்கு அந்த நிமிஷமே வேண்டும். விமானத்தில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த போரில் நான் நடு சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அடி வாங்கினேன். ஜன்னலில் உட்கார்ந்தவன் வெளியே பார்க்கவில்லை, தம்பி அழுகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தான். இந்தச் சட்டத்தை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தும் தேவையான நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமை காலை. விமான நிலையத்தில் அண்ணன் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தரையில் இருந்தான். கவின் முதலில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான். அந்தச் சீப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் அப்பாவிடம் கெஞ்சி, போன மாதம்தான் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே கோழிக்கொண்டை மாதிரி நிற்கிற ஸ்டைல் ஒன்றை வாங்கியிருந்தான். பள்ளி திறந்ததும் வகுப்பு போட்டோ எடுப்பார்கள் என்பதற்காக அதைக் கண் போலக் காத்துக்கொண்டிருந்தான். தூங்கும்போது மட்டும்தான் சீப்பு கையை விட்டுப் போகும். வாரி முடித்துவிட்டு, பெரிய மனிதன் மாதிரி மாமாவுக்குக் கை கொடுத்தான்.

இனியன் என் துப்பட்டாவுக்குள் போய்விட்டான்.

"டேய், மாமாடா. தினமும் போன்ல பேசுவியே, அந்த மாமா."

துப்பட்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இது அந்த மாமா இல்ல. அவருக்குக் கால் கிடையாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உண்மைதான். நான்கு வருடமாக வீடியோ காலில் அவன் பார்த்தது மாமாவின் தலையும் தோளும்தான். காலே இல்லாத மாமாவுக்கு மடி எங்கிருந்து வரும்? அண்ணனும் சிரித்தான். ஆனால் விரித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

வாசுகி அண்ணி பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பாலர் பள்ளியில் டீச்சர். "விடு லா, செந்தில். இன்னிக்கு புதன். ஞாயித்துக்கிழமைதானே முடி எறக்கறோம்? நாலு நாள்ல புள்ள பழகிக்கும். வாங்க, மொதல்ல பசியாறலாம்" என்றார். அங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' உண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் பெயர். கேட்கும்போதே பாதி வயிறு நிறைகிறது.

கடையில் ரொட்டி சானாய் வந்தது. "பரோட்டாதான், ஆனா சால்னாவை மறந்துட்டாங்க" என்றான் கவின். பருப்புக் குழம்பைத் தொட்டுப் பார்த்த பிறகு மூன்று சாப்பிட்டான். கடைக்காரர் தேநீரைத் தலைக்கு மேலிருந்து ஊற்றி ஆற்றுவதை நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கவில்லை. கும்பகோணம் பக்கம் இதைவிட உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். இனியனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, "தங்கச்சி பேரு என்னா?" என்று கேட்டார். "தங்கச்சி இல்லீங்க, தம்பி" என்றேன். அன்று மட்டும் இதை ஆறு பேரிடம் சொன்னேன். ஏழாவது ஆளிடம், "தங்கச்சிதாங்க, பேரு இனியா" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவுதான் விளக்குவது?

வியாழக்கிழமை கோலசிலாங்கூரில் மெலாவத்தி குன்றுக்குப் போனோம். கீழே காரை நிறுத்திவிட்டு, ரயில் மாதிரி பெட்டி கோர்த்த ஒரு குட்டி வண்டியில் மேலே ஏற வேண்டும். உச்சியில் கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கீழே கடல். பையன்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. அங்கே குரங்குகள் இருக்கின்றன. நம் ஊர் மலைக்கோயில் குரங்குகளைப் பழகின எனக்கு, பையைக் கட்டிப் பிடித்துக்கொள்வதுதான் முதல் வேலை. இவை வேறு சாதி. சாம்பல் நிறம், தலையில் கூர்மையாக ஒரு கொண்டை, அவ்வளவு மரியாதை. விற்கிற பயத்தங்காயை நீட்டினால் பக்கத்தில் வந்து, விரலால் வாங்கி, நன்றி சொல்லாத குறையாகத் தின்கின்றன. குட்டிகள் மட்டும் சுத்தமான ஆரஞ்சு நிறம். யாரோ சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி.

அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் பயத்தங்காயைப் பரப்பினான். இனியனுக்குத்தான் அந்தத் தூண்டில். வந்தது ஒரு குரங்கு. நேராக அவன் மடியில் ஏறி, சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது. இறங்குகிற எண்ணமே இல்லை.

"பாருடா, குரங்குகூட மாமா மடியில உட்கார்ந்துடுச்சு. நீ?" என்றேன்.

இனியன் ஆறடி தள்ளி நின்று யோசித்தான். "அதுக்கு யாரும் வாலை வெட்ட மாட்டாங்கல்ல?" என்றான்.

வால் என்று அவன் சொன்னது அவனுடைய சடையை. அன்றிலிருந்து பெயர் அதுதான். குரங்குகளுக்கும் தனக்கும் மட்டும் இருக்கிற விஷயம், மாமாவுக்கும் அண்ணன் கவினுக்கும் இல்லாத விஷயம். முடியை எடுக்கச் சம்மதிக்க வைக்கலாம் என்று வந்த இடத்தில், என் பிள்ளைக்கு முடியின் மேல் புதிதாக ஒரு கர்வத்தைக் கிளப்பிவிட்டேன்.

கோலசிலாங்கூருக்கு ஊர் உலகமெல்லாம் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறார்களாம். ஆற்றங்கரை மரங்களில் கோடிக்கணக்கில் மினுக்குமாம். நாங்கள் பார்க்கவில்லை. ஐஸ் கச்சாங் என்று ஒரு கிண்ணம் ஐஸ் தூளில் அவித்த பயறு, சோளம், ஜெல்லி எல்லாம் போட்டுத் தருகிறார்கள். சுண்டலை ஐஸில் போட்டுச் சாப்பிட நான் தயாராக இல்லை. பையன்கள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, யாருக்குச் சோளம் அதிகம் என்று அடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் காரில் தூங்கிவிட்டார்கள். தூங்கின இரண்டு பையன்களை எழுப்பி மின்மினி காட்டுகிறவள் இன்னும் பிள்ளை பெறாதவளாக இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வந்து, அண்ணி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மின்மினி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை செகிஞ்சான். "அழகான எடம், போட்டோ எடுக்க கூட்டம் கூட்டமா வருவாங்க" என்று அண்ணி சொன்னார். அது நெல் வயல் என்று சொல்லவில்லை. நான் காவிரிப் பாசனத்துக்காரி. வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். விமானம் ஏறி வந்து நெல்லைப் பார்க்கிற முதல் லால்குடிக்காரி நானாகத்தான் இருப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வரப்பு, வாய்க்கால் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. கண்ணுக்கெட்டிய வரை ஒரே பச்சை. கடைசியில் நானும் பத்து போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். "நம்ம ஆத்துக்கு அந்தப் பக்கமா?" என்று பதில் வந்தது.

வயலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் டயர் பஞ்சர். மீன் பெட்டி ஏற்றின லாரி ஒன்று, அங்கே அதற்கு லோரி என்று பெயர், ஓரம் கட்டி நின்றது. ஓட்டி வந்த சீனப் பெரியவர் கேட்காமலே ஜாக்கியோடு இறங்கினார். மலாயில் அண்ணியிடம் ஏதோ சொல்ல, அண்ணி சிரித்தார். "ஒங்க புருஷன் படிச்சவர்னு பார்த்தாலே தெரியுது, நட்டை தப்புப் பக்கம் திருப்புறாருன்னு சொல்றாரு" என்றார். ஆலையே ஓட்டுகிற எஞ்சினியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அங்கேதான் முதல் அதிசயம் நடந்தது. இனியன் மெதுவாக வந்து மாமா பக்கத்தில் குந்தினான். கழற்றிய நட்டுகளை அண்ணன் ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்தான். அவன் எண்ணி எண்ணித் திருப்பிக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. கிளம்பும்போது அந்தப் பெரியவர் இனியன் தலையைத் தடவி, "இந்தப் பொண்ணு பெரிய மெக்கானிக்கா வரும்" என்று சொன்னதாக அண்ணி மொழிபெயர்த்தார். நான் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது காரில் கவின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாமாவும் தம்பியும் நட்டு, போல்ட்டு என்று முன்னால் பேசிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, எனக்கு மொட்டை போட்டப்ப மாமா எங்க இருந்தாங்க?"

"இங்கதான்டா. மலேசியாவுல."

"அப்ப போட்டோவுல இருக்கறது?"

"சிவா மாமா. அவரும் உனக்கு மாமாதான்."

"ஜெராக்ஸ் மாமா" என்றான் கவின். ஜெராக்ஸ் கடைப் பிள்ளைக்கு எல்லாம் அந்தக் கணக்குதான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, சீப்பை எடுத்துக் கட்டைவிரலால் அதன் பல்லை டிர்ர் டிர்ர் என்று இழுத்துக்கொண்டு வந்தான். இன்னும் ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. அதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை பூ, தேங்காய், வேட்டி எல்லாம் வாங்க ஊருக்குள் போனோம். போர்டில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கிறது. எல்லோர் வாயிலும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். திருச்சிராப்பள்ளியைத் திருச்சி என்று சுருக்கின எங்களுக்கு, புதுப்பெயர் சின்னதாக இருந்தும் பழைய நீளப் பெயரையே விடாமல் பிடித்திருப்பது அதிசயமாக இருந்தது. முடி எடுக்கிறவர் மணப்பாறைக்காரராம். இந்த ஊரில் சலூன் வைத்திருக்கிறவரிடம் வேலைக்கு வந்தவர். அண்ணன் போனில் பேசி, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தான். கடல் கடந்து வந்து மணப்பாறைக்காரரிடம் முடி கொடுக்கப் போகிறோம். லால்குடியிலிருந்து பஸ்ஸில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. அண்ணி பாலர் பள்ளி டீச்சர் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு. அண்ணன் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். டயர் கழற்றின ஸ்பேனரைத் தூண்டிலாக மடியில் வைத்துக்கொண்டான். இனியன் வந்தான். முட்டியில் சாய்ந்தான். ஒரு காலைத் தூக்கி மடிக்குள் வைத்தும்விட்டான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அண்ணனின் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவ்வளவுதான்டா தங்கம். நாளைக்கு இப்படியே உட்கார்ந்தா அஞ்சே நிமிஷத்துல முடியை எடுத்துடலாம்" என்றேன்.

கால் வெளியே வந்தது. ஆள் சோபாவுக்குப் பின்னால் போனான். "வாலை வெட்டத்தான் மடியா?" என்று அங்கிருந்து கேட்டான். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தர்றேன் லா" என்றான் அண்ணன். ஆறு வருடத்தில் அந்த 'லா' அவனிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அன்று பேசாமல் இருந்தேன், தப்பு என் மேல்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னான். "அழ வெச்சு உட்கார வைக்க வேண்டாம் செல்வி. வரலன்னா விட்டுடு. ஊருக்குப் போய் சிவாவையே உட்கார வெச்சுக்க." சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தோட்டத்துச் செம்மண் பாதை முடிகிற இடத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில். மீசையும் அரிவாளுமாக முனியாண்டி. பூசாரி அன்றாடம் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசாரி. "சாமி எங்கயும் போவாது, பொறுமையா செய்யலாம்" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் இங்கதான் மொட்டை போட்டாங்க" என்று அண்ணி காட்டின இடத்தில் அண்ணன் புது வேட்டியோடு பலகையில் உட்கார்ந்தான். அண்ணிக்கு முடியைத் தட்டில் வாங்குகிற வேலை, அதோடு வீடியோ எடுக்கிற வேலையும்.

இனியன் தலையை அண்ணி கடைசியாக ஒரு தரம் ஆசை தீரப் பின்னிவிட்டிருந்தார். இரட்டைச் சடை, மல்லிகைப் பூ, சிவப்பு ரிப்பன். அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதால் இன்னும் வேகமாக ஓடினான். மணி எட்டு. எட்டரை. முடி எடுக்கிறவரையும் காணவில்லை. நான் கவினைக் கூப்பிட்டேன். "நீ பெரியவன்ல? போய் மாமா மடியில உட்கார்ந்து காட்டு. தம்பி பார்த்துட்டு வருவான்."

கவின் உடனே போனான். நான் இனியனைத் துரத்திக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனேன்.

அந்த நேரத்தில்தான் மணப்பாறைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருக்கிறார். அவர் பார்த்தது இதுதான். புது வேட்டி கட்டின மாமன். மடியில் ஒரு பையன். தூரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையை அம்மாக்காரி துரத்திக்கொண்டு ஓடுகிறாள். இதில் யாருக்கு மொட்டை என்று மணப்பாறையில் பிறந்த எவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் கேவலம். நேரம் கழித்து வந்த அவசரத்தில், "மன்னிச்சுக்கங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே தலையில் தண்ணீரைத் தெளித்தார். சின்னவனுக்கு ஆசை காட்டுவதற்காக விளையாட்டுக் காட்டுகிறார் என்று அண்ணன் நினைத்தான். அண்ணியும் அப்படித்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்திருக்கிறார். "தலையைக் குனிங்க தம்பி" என்றார் மணப்பாறைக்காரர். உச்சியிலிருந்து நெற்றி வரை ஒரே இழுப்பு.

அண்ணி போட்ட சத்தத்தில் நான் இனியனை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். கவினின் கோழிக்கொண்டைக்கு நடுவில் ஒரு ரோடு போட்டிருந்தது. "ஐயோ! இவன் இல்லீங்க! இதோ இவன்!" என்று இனியனைத் தூக்கிக் காட்டினேன். மணப்பாறைக்காரர் இனியனின் ரிப்பனைப் பார்த்தார், கவினின் தலையைப் பார்த்தார், கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். "மாமன் மடியில இருக்குற புள்ளைக்குத்தானுங்க முடி எடுப்போம்" என்றார் பாவமாக.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. வகுப்பு போட்டோ, ஒரு வருடக் கெஞ்சல், அந்தச் சீப்பு எல்லாம் கண்முன் வந்தது. "கவின், அம்மாவை மன்னிச்சுடுடா" என்றேன்.

கவின் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. "பரவால்லம்மா" என்றான். பிறகு மணப்பாறைக்காரரிடம், "முழுசா எடுத்துடுங்க அங்கிள்" என்றான்.

அண்ணன் அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான். "ஏன்டா தங்கம், நீ சொல்லியிருக்கலாம்ல, 'எனக்கு இல்ல'ன்னு?"

"எனக்கு இது ரெண்டாவது மொட்டை" என்றான் கவின். "ஆனா மாமா மடியில மொத மொட்டை."

பூசாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். காரில் நான் தூங்கிப்போனதால் கேட்காமல் விட்ட கேள்வி என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு நாளாக ஒருவன் மடிக்கு வரமாட்டேன் என்கிறானே என்று அவன் பின்னால் ஓடினேன். இன்னொருவன் அந்த மடிக்கு ஏங்கிக்கொண்டு பக்கத்திலேயே இருந்ததைப் பார்க்கவில்லை. பெற்றவள்தான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு அண்ணியின் வீடியோவைப் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கத்தியை விரிக்கும்போதே கவின் பார்க்கிறான். நன்றாகப் பார்க்கிறான். வாயைத் திறக்கவில்லை. மாமாவின் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறான்.

மொட்டை முழுசாக முடிந்தது. சந்தனம் பூசினார்கள். பளபளவென்று, குளிர்ச்சியாக, எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற ஒரு தலை. என் இடுப்பிலிருந்த இனியன் இதையெல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் கவினுக்கு மொட்டை. அண்ணனுக்குச் சந்தனம். அண்ணனுக்கு மாமா மடி. திடீரென்று என் இடுப்பை உதைத்துக்கொண்டு இறங்கினான்.

"எனக்கும்! எனக்கும் மொட்டை! டேய், எந்திரிடா, அது என் மாமா!"

"எனக்கும் மாமாதான். நகர மாட்டேன், போ."

மடிக்குப் போர் மூண்டுவிட்டது. அந்தச் சட்டம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கடைசியில் அண்ணன் வலது தொடையில் ஒருவனையும் இடது தொடையில் ஒருவனையும் உட்கார வைத்துக்கொண்டான். இனியன் தானாகவே ரிப்பனைப் பிடுங்கி எறிந்தான். "வாலை அத்தைகிட்ட குடுத்துடுங்க" என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். அண்ணி இரண்டு சடைகளையும் தட்டில் வாங்கினார்.

எல்லாம் முடிந்து பையன்கள் ஓடிப்போன பிறகும் அண்ணன் எழவில்லை. புது வேட்டி முழுக்க இரண்டு பேரின் முடியும் ஈரமும். "எந்திரிண்ணே, வேட்டியை உதறு" என்றேன். "இருக்கட்டும். கொஞ்ச நேரம்" என்றான். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மணப்பாறைக்காரர் கவினின் முடிக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். லோரி பூசாரி, "ஒரு மொட்டைக்கு வந்து ரெண்டு மொட்டை. முனியாண்டிக்கு லாபம் லா" என்று தேங்காயை உடைத்தார்.

திங்கட்கிழமை விமான நிலையம். இனியன் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். நான்கு நாள் ஏற மாட்டேன் என்றவனை இறக்குவதற்கு இப்போது மூன்று பேர் தேவைப்பட்டோம். கவின் வழக்கம்போல் பெரிய மனிதன் மாதிரி வந்து மாமாவுக்குக் கை கொடுத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மாமா கையில் வைத்தான். அண்ணனுக்கு முன் மண்டையில் ஏற்கெனவே பாதி காலி. சீப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு இப்ப வேணாம் மாமா" என்றான் கவின். "முடி வளந்ததும் எடுத்துட்டு வாங்க."

அண்ணன் தலையை ஆட்டினான். சீப்பைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் இருந்த மலாய் அம்மா, சடை போட்ட படத்தையும் எதிரே நின்ற மொட்டையையும் பார்த்து விழித்தார். இனியன் கவுன்டருக்கு மேல் எக்கித் தலையைத் தடவிக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வகுப்பு போட்டோவில் கவின் முதல் வரிசையில் மொட்டைத் தலையோடு பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். போன வாரம் வீடியோ காலில் தலையைக் கேமராவுக்கு நேரே நீட்டி, "மாமா, வளந்துடுச்சு. பாருங்க, நிக்குது" என்றான். அந்தப் பக்கம் சட்டைப் பையிலிருந்து சீப்பு வெளியே வந்தது.

"லீவு எழுதிக் குடுத்தாச்சு லா" என்றான் அண்ணன்.

கொதிகலன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.